காய்ச்சலை விரட்டிய கால்வாய்கள்



வேலை இடத்துப் பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், கையுறை, முரட்டுக் காலணி ஆகியவைதாம் நமக்கு நினைவுக்கு வருகின்றன. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அவற்றைவிடப் பழைய பாதுகாப்புச் சாதனம் ஒன்று உண்டு. லயத்துக்குப் பின்னாலும், குன்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்திலும் ஓடுகின்ற கால்வாய்தான் அது. அந்தக் கால்வாய் எதற்காக வெட்டப்பட்டது என்று கேட்டால், மழைத் தண்ணீர் ஓடுவதற்கு என்று சொல்லிவிடுவோம். அது பாதி விடைதான். மீதிப் பாதியில் நம் பாட்டன் பாட்டியரின் உயிர்க்கணக்கு அடங்கியிருக்கிறது.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 1911-ஆம் ஆண்டில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் தோட்டங்களில் ஏறக்குறைய 143,000 தொழிலாளர்கள் இருந்தார்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், சீனர், ஜாவாக்காரர் எல்லாரும் சேர்ந்த தொகை இது. அந்த ஓர் ஆண்டிலேயே அவர்களில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்துபோனார்கள். ஆயிரம் பேருக்கு 63 பேர் என்று வருகிறது. சில தோட்டங்களில் ஆயிரத்துக்கு 200 பேருக்கு மேலும் மடிந்த ஆண்டுகள் உண்டு. அதாவது ஐந்து பேர் கூடி உட்கார்ந்து பொங்கல் கொண்டாடினால், அடுத்த பொங்கலுக்கு அவர்களில் ஒருவர் இருக்கமாட்டார். இவர்கள் முதியவர்களா? இல்லை. உழைக்கத் தகுந்த உடம்பு என்று பார்த்துப் பார்த்துக் கப்பலேற்றி அழைத்துவரப்பட்டவர்கள்.

தோட்டத்தில் இறந்தவர்களை எண்ணிய கணக்கு இது. நோயோடு ஊர் திரும்பி அங்கே கண் மூடியவர்களும், காய்ச்சலுக்குப் பயந்து இரவோடு இரவாக ஓடி வழியில் விழுந்தவர்களும் எந்தத் தோட்டத்துக் கிராணியின் பேரேட்டிலும் ஏறியிருக்கமாட்டார்கள்.

ஏன் இப்படிச் செத்தார்கள்? காட்டை அழித்ததால் முனி கோபங்கொண்டு அடிக்கிறது, புது மண் பலி கேட்கிறது என்று நம்மவர்கள் நம்பினார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். படித்த வெள்ளைக்காரத் துரைமார்களும் ஏறக்குறைய அதே கருத்தில்தான் இருந்தார்கள். புதிதாகக் கிளறிய மண்ணிலிருந்தும் சதுப்பிலிருந்தும் ஒரு கெட்ட காற்று எழுகிறது, அதுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியாவின் செக்கந்திராபாத் நகரில் ரொனால்ட் ராஸ் என்ற இராணுவ மருத்துவர், ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து, மலேரியாக் கிருமி அதற்குள் வளர்வதைக் கண்டார். அன்றிலிருந்து முனியும் கெட்ட காற்றும் விலகி, அனோபிலிஸ் என்னும் கொசு குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1901-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்தார். அப்போது அவருக்கு வயது 27. கிள்ளான் அன்று ஏறக்குறைய 3,500 பேர் வாழ்ந்த சிறிய பட்டணம். சுற்றிலும் சதுப்பும் காடும். அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கடலோரச் சதுப்பில் புதிய துறைமுகம் ஒன்றைத் திறந்தார்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று பெயர். இன்று அதைத்தான் கிள்ளான் துறைமுகம் என்கிறோம். திறந்து இரண்டு மாதங்களுக்குள் வேலைக்காரர்களில் பலர் காய்ச்சலில் விழுந்துவிட்டார்கள். இத்தனை செலவு செய்து கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று அரசாங்கமே யோசிக்கும் நிலை வந்தது.

வாட்சன் சொன்ன யோசனை மருந்து அல்ல, மண்வெட்டி. சதுப்பை வற்றச் செய்யுங்கள், காட்டை வெட்டி வெளிச்சம் விடுங்கள், தேங்கிய தண்ணீர் ஓடட்டும் என்றார். துறைமுகப் பகுதியில் கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பிக் கால்வாய் வெட்டினார்கள். பலன் எப்படி வந்தது தெரியுமா? கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இரண்டு இடங்களிலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் 59 பேர். அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் அது ஐம்பதுக்குள்ளேயே நின்றது. ஒரே ஓர் ஆண்டில் நடந்த மாற்றம் இது. வெப்ப நாடுகளில் மலேரியாவைத் திட்டமிட்டு அடக்கிக் காட்டிய முதல் வெற்றிகளில் ஒன்றாக உலகம் இதைப் பேசியது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அந்த நேரத்தில்தான் ரப்பர் வந்தது.

மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறியது. 1910-இல் அது உச்சத்தைத் தொட்டது. கடற்கரைச் சமவெளியைத் தாண்டி, உள்நாட்டுக் குன்றுகளிலும் காடுகளை அழித்துப் பால்மரம் நட்டார்கள். வாட்சனும் சில ஆண்டுகளில் அரசாங்கப் பணியை விட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவரானார். கிள்ளானில் பலித்த முறையைக் குன்றுத் தோட்டங்களிலும் கையாண்டார்கள். காட்டை வெட்டினார்கள். பள்ளங்களில் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் தெளிவாக ஓடவிட்டார்கள். பார்ப்பதற்குச் சுத்தமாக, அழகாக இருந்தது. காய்ச்சலோ குறைவதற்குப் பதிலாகக் கூடியது!

இந்தப் புதிருக்கு விடை, கொசுக்களிலும் பல சாதிகள் உண்டு என்பதுதான். கடற்கரைச் சமவெளியில் காய்ச்சலைப் பரப்பியது, காட்டு நிழலில் தேங்கிய கறுத்த தண்ணீரில் முட்டையிடும் அனோபிலிஸ் அம்புரோசஸ் என்ற கொசு. காட்டை வெட்டி வெயில் பட்டதும் அது மறைந்துவிட்டது. குன்றுப்புறத்தில் இருந்தது வேறொன்று. அனோபிலிஸ் மேக்குலேட்டஸ் என்று பெயர். அதற்கு நிழல் ஆகாது. வெயில் படுகின்ற, கண்ணாடிபோல் தெளிந்து மெல்ல ஓடுகின்ற ஊற்று நீர்தான் அதற்குத் தொட்டில். காடு மூடியிருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. காட்டை வெட்டி, கால்வாயைச் சுத்தமாக்கி, நாமே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டோம். அந்த ஓடையின் ஓரத்தில், குடிக்கத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று லயத்தையும் கட்டினார்கள். ஒரு தோட்டத்தில் உயிரைக் காத்த வேலை, பத்து மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் உயிரைக் குடித்தது.

இதைக் கண்டுபிடித்தபின் வழிகளும் பிறந்தன. ஒன்று, பள்ளத்தின் அடியில் சுட்ட மண்குழாய்களைப் புதைத்து, கல்லையும் மண்ணையும் போட்டு மூடி, ஊற்று நீரை நிலத்துக்கு அடியிலேயே ஓடவிடுவது. மேலே தண்ணீர் இல்லை என்றால் கொசு எங்கே முட்டையிடும்? நல்ல முறைதான், செலவுதான் அதிகம். மற்றொன்று எண்ணெய் தெளிப்பது. கொசுப்புழு தண்ணீருக்குள் இருந்தாலும் மூச்சு விட மேலே வரவேண்டும். தண்ணீரின் மேல் எண்ணெய் மெல்லிய ஆடைபோல் படர்ந்திருந்தால் அது மூச்சு முட்டிச் செத்துவிடும். புழு முழுக் கொசுவாகப் பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகையால் வாரம் ஒருமுறை தவறாமல் எண்ணெய் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் பட்ட பாடு வீண். இவற்றோடு, லயங்களைப் பள்ளத்து ஓடையிலிருந்து அரை மைலாவது தள்ளிக் கட்டவேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள்.

முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து வாரா வாரம் பள்ளம் பள்ளமாக இறங்கியவர் யார்? குழாய் புதைக்க இடுப்பளவு சேற்றில் நின்றவர் யார்? நம்மவர்கள்தாம். வாட்சனுக்கு 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. அது தகுதிக்குக் கிடைத்த மரியாதை, குறை சொல்வதற்கில்லை. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களைத்தான் எந்தப் புத்தகத்திலும் காணோம்.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வழி தெரிந்துவிட்டது, சரி. அதற்குப் பணம் செலவழிக்கத் தோட்டக் கம்பெனிகள் ஏன் முன்வந்தன? இரக்கம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அது முதல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் ஆள் மலிவு. ஒப்பந்தக் கூலியாக வந்தவர் ஒப்பந்தம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. ஓடினால் அது குற்றம். பிடித்துவந்து தண்டனை கொடுப்பார்கள். ஆள் செத்தால் அடுத்த கப்பலில் வேறு ஆள் வருவார். இந்த நிலையில் கால்வாய் வெட்டுவதைவிடக் குழி வெட்டுவது சிக்கனமாகத் தெரிந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி மூலமாக வந்தவர்கள், சட்டத்தின் கண்ணில் ஒரு மாத அறிவிப்பில் விலகிக்கொள்ளக் கூடியவர்கள். எந்தத் தோட்டம் காய்ச்சல் தோட்டம் என்ற செய்தி, தபாலைவிட வேகமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே வர ஆள் மறுத்தார்கள். வந்த ஆளும் நிற்கவில்லை. ஆள் இல்லாமல் மரத்தில் பால் நின்றுபோனபோதுதான், கணக்குப் பார்ப்பவர்களுக்குக் கால்வாய் மலிவு என்று புரிந்தது. இந்திய அரசாங்கமும், ஆள்களை அனுப்புவதை நிறுத்திவிடுவோம் என்ற அழுத்தத்தைக் கையில் வைத்திருந்தது. நம் பாட்டன்மார் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்திருக்கலாம். ஒரு கெட்ட தோட்டத்தை விட்டு நடந்துபோன அவர்களுடைய கால்கள், பல மனுக்களைவிட உரக்கப் பேசின.

சட்டமும் பின்னால் வந்தது. 1912-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று வந்தது. வீடு, தண்ணீர், மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றித் தோட்டங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1923-இல் வந்த சட்டம், பிரசவ காலப் படி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று இன்னும் விரிந்தது. வேலையை விட்டு ஓடினால் குற்றவாளி என்ற கொடுமையும் 1920களின் தொடக்கத்தில் நீங்கியது. ஆயாக்கொட்டகையையும் பாதுகாப்புச் சாதனமாகவே எண்ணவேண்டும். பச்சைக் குழந்தையை நிரையில் தூளி கட்டிப் போட்டுவிட்டுப் பால் வெட்டிய தாய்க்கு, அந்தக் கொட்டகையின் அருமை தெரியும்.

மலேரியாவுக்குத் துணையாக இன்னொரு நோயும் இருந்தது. அது கொக்கிப்புழு. கழிப்பிடம் இல்லாமல் தோட்டத்து மண்ணையே நாடியதால், அந்தப் புழு மண்ணில் பெருகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே ஏறியது. குடலில் தொங்கி இரத்தத்தை உறிஞ்சியது. ஒருபுறம் மலேரியா இரத்தத்தைக் கெடுக்க, மறுபுறம் புழு அதைக் குடிக்க, மனிதன் வெளுத்துப் போனான். நாலு மரம் வெட்டினால் மூச்சு வாங்கும். இந்த மனிதனைத்தான் அந்நாளைய அறிக்கைகள் பல, சோம்பேறி என்று எழுதிவைத்தன. 1915-இலிருந்து 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தது. சோம்பல் என்று பெயரிட்டதற்குள் எவ்வளவு இரத்தச் சோகை ஒளிந்திருந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு கழிப்பிடங்கள் வந்தன, குழாய்த் தண்ணீர் வந்தது. பெரட்டுக்களத்தில் வரிசையில் நிறுத்தி, டிரெசர் கண்முன்னே கொய்னாவை விழுங்க வைக்கும் வழக்கமும் இருந்தது. அந்தக் கசப்பைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் இன்னும் இருப்பார்கள்.

1930களில் தோட்டத்துச் சாவு விகிதம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது. அந்தப் பெருமை முழுவதையும் கால்வாய்க்கே கொடுத்துவிடவும் முடியாது. உலக மந்தம் வந்த அந்த ஆண்டுகளில், வேலை இல்லாதவர்களும் உடல் தளர்ந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நோயாளி ஊருக்குப் போய்விட்டால் தோட்டத்துக் கணக்கு தானாகவே அழகாகிவிடும். அதையும் கழித்துப் பார்த்தாலும், 1911-க்கும் அதற்கும் இடையே உள்ள தூரம் பெரியதுதான்.

பாதுகாப்பு என்பது ஒருமுறை கட்டி முடித்துவிட்டு மறந்துவிடும் காரியமா என்பதற்கு ஜப்பானியர் காலம் விடை சொல்லிற்று. 1942 முதல் 1945 வரை எண்ணெய் தெளிப்பவர் இல்லை. கால்வாய் தூர்ந்தது. கொய்னா கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பாடுபட்டு அடக்கிய காய்ச்சல், முப்பது மாதங்கள்கூடப் பொறுக்காமல் லயத்துக்குத் திரும்பி வந்தது. அதே காலத்தில், சயாம் மரண இரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களுக்கு நேர்ந்ததை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கால்வாயும் கழிப்பிடமும் மருந்தும் இல்லாத வேலைத்தலத்தில், காட்டின் நடுவே, மலேரியாவும் வாந்திபேதியும் அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயின. உறவினர் யாரேனும் அங்கே போய்த் திரும்பாத குடும்பங்கள் நம் தோட்டங்களில் ஏராளம்.

போருக்குப் பின் டி.டி.டி. வந்தது, புதிய மாத்திரைகள் வந்தன. 1967-இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 2018-இலிருந்து, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டிலேயே தொற்றியதாக ஒருவர்கூட இல்லாத நிலையை நாடு எட்டியது. ஆயினும், குரங்கின் உடலிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா ஒன்று சபாவிலும் சரவாக்கிலும் காட்டோரங்களிலும் இன்னும் இருக்கிறது. காட்டை ஒட்டிய நிரையில் விடியற்காலையில் வேலை செய்பவரைத்தான் அது முதலில் தேடி வருகிறது. ஆகவே காட்டோரத்தில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் கண்டால், சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திராமல், இரத்தச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கே வேலை செய்கிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கொசுவை வென்ற தோட்டத்துக்கு, 1960களிலிருந்து வேறொரு ஆபத்து வந்தது. எண்ணெய்த் தகரம் சுமந்த முதுகில் களைக்கொல்லித் தோம்பு ஏறியது. ரப்பருக்குப் பதில் செம்பனை வந்ததும் மருந்தடிக்கும் வேலை பெருகியது. அந்த வேலையில் பெரும்பாலும் நின்றவர்கள் நம் பெண்கள். தோம்பு ஒழுகும், காற்று முகத்தில் அடிக்கும், நகம் சொத்தையாகும், மூக்கில் இரத்தம் வரும். 2002-இல் தெனாகனித்தா என்ற பெண்கள் அமைப்பு, மற்றோர் அமைப்புடன் சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியைத் தடை செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான். இடையில் 18 ஆண்டுகள். கெடுதல் என்று தெரிவதற்கும் நிறுத்துவதற்கும் நடுவே இருக்கும் தூரம், வாட்சன் காலத்திலிருந்து அதிகம் சுருங்கிவிடவில்லை.

வேலையில் அடிபட்டால் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்கு 1952-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1969-இல் இயற்றிய சட்டத்தின்படி 1971-இல் சொக்சோ பிறந்தது. 1991 மே மாதத்தில் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துத் தொழிலாளர்கள் பலர் மாண்டபின், நாடே விழித்துக்கொண்டது. 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. தொழிற்சாலைக்கு மட்டும் உரியதாக இல்லாமல், தோட்டத்தையும் அது தன் நிழலுக்குள் கொண்டுவந்தது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசும் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் தோட்டத்துக் குழுவில் தொழிலாளர் சார்பில் யார் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தெரியவில்லை என்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

அந்தச் சட்டத்துக்கு 2022-இல் ஒரு திருத்தம் இயற்றி, 2024 ஜூன் முதல் நாளில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்படி, உடனடியாக உயிருக்கு அல்லது உடலுக்குக் கேடு வரும் என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகி நிற்கலாம். அப்படி விலகியதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. ஒரு காலத்தில் காய்ச்சல் தோட்டத்தை விட்டு ஓடிய மனிதரை, ஓடிய குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவருடைய பேரப்பிள்ளைக்கு அந்தக் கால்களை எடுத்துவைக்கும் உரிமை இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இது கடவுச்சீட்டைப் பார்த்துக் கொடுக்கும் உரிமையும் அன்று. நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். இன்று அடுத்த நிரையில் குலை அறுக்கும் இந்தோனேசியருக்கும், பால் வெட்டும் நேபாளத்துக்காரருக்கும் அது பொருந்தும். அவர்களுக்கு இது தெரிந்திருக்காது. தமிழோ மலாயோ, அவர்களுக்குப் புரிகிற மொழியில் நீங்கள் சொல்லலாம்.